ஓப்பன்ஃபோமில் சிமுலேஷன் கன்வர்ஜ் ஆகவில்லையா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் மாற்றுவது

ஓப்பன்ஃபோம், திரவ, வாயு ஓட்டங்களைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள். அதில் விடை சுற்றுக்குச் சுற்று நெருங்கி நிலைப்பதுதான் கன்வர்ஜ் ஆவது. அப்படி ஆகாதபோது, சிமுலேஷன் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ரெசிடுவல் (விடை சமன்பாட்டுக்கு எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு) கிடுகிடுவென்று ஏறி, ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன் என்று நின்றுவிடும். இல்லையென்றால் நிற்காமல் ஓடும், ஆனால் ரெசிடுவல் கோடு ஒரே உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும், இறங்கவே இறங்காது. இரண்டுக்கும் பெரும்பாலோர் முதலில் கைவைக்கும் இடம் ஒன்றுதான்: ரிலாக்சேஷன் எண், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் வரும் மாற்றத்தில் எவ்வளவு பங்கை எடுத்துக்கொள்வது என்பது. அதைக் குறைத்தால் சில நேரம் சரியாகிவிடும். பல நேரம் கோளாறு மெஷ்ஷிலோ (ஓட்ட வெளியைச் சிறு செல்களாகப் பிரித்த வலை) எல்லை மதிப்பிலோ இருக்கும், எண்ணைக் குறைத்ததால் அது வெளியே தெரிவது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் லாக், அப்புறம் மெஷ், எல்லை மதிப்புகள், தொடக்க மதிப்புகள், ஸ்கீம்கள் (சமன்பாட்டைச் செல்களுக்கான கணக்காக மாற்றும் முறைகள்), லீனியர் சால்வர் (அந்தக் கணக்கைத் தீர்க்கும் பகுதி). இவ்வளவும் பார்த்த பிறகே ரிலாக்சேஷன். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு மாற்றமும் என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். ஒரே நேரத்தில் நான்கு எண்களை மாற்றி, தற்செயலாக ஓடிவிட்டால், அடுத்த கேஸில் மறுபடியும் இருட்டில்தான் தேட வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஓப்பன்ஃபோமுடனேயே வரும் பிட்ஸ்டெய்லி என்ற டுட்டோரியல் கேஸை வைத்துக்கொள்வோம். பிட்ஸ், டெய்லி இருவரும் செய்த ஆய்வகச் சோதனையை ஒட்டி அமைத்தது. ஒரு வாய்க்கால், அதன் தரை திடீரென்று 25.4 மிமீ கீழே இறங்குகிறது, அதாவது ஓர் அங்குலப் படி. காற்று நொடிக்கு 10 மீட்டரில் நுழைகிறது. கைனமேடிக் விஸ்காசிட்டி 10⁻⁵ மீ²/வி. படி உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் ரெனால்ட்ஸ் எண் 25,400. மொத்தம் 12,225 செல்கள்தான், சாதாரண லேப்டாப்பிலேயே சட்டென்று முடிந்துவிடும். வேண்டுமென்றே ஒவ்வோர் எண்ணாகக் கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கேஸ் கிடையாது. அப்படிக் கெடுத்துப் பார்ப்பதை எல்லோருக்கும் சொல்வேன்.

சிம்பிள் முறை என்ன செய்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எண்களைத் தொட வேண்டாம். அடர்த்தி மாறாத ஓட்டத்தில் அழுத்தத்துக்கென்று தனிச் சமன்பாடு கிடையாது. திசைவேகத்துக்கு உந்தச் சமன்பாடு இருக்கிறது, நிறை காப்புச் சமன்பாடும் இருக்கிறது. ஆனால் நிறை காப்பில் அழுத்தமே வராது. இந்தச் சிக்கலுக்கு 1972இல் சுஹாஸ் படங்கரும் பிரையன் ஸ்பால்டிங்கும் வெளியிட்ட வழிதான் சிம்பிள். அழுத்தத்தை ஓர் ஊகமாக வைத்து உந்தச் சமன்பாட்டைத் தீர்ப்பது. வரும் திசைவேகம் நிறை காப்புக்குப் பொருந்தாது. எவ்வளவு பொருந்தவில்லை என்பதிலிருந்து அழுத்தத்தைத் திருத்துவது, அதை வைத்துத் திசைவேகத்தைத் திருத்துவது. திருத்தம் தேவைப்படாத நிலை வரும்வரை மறுபடி மறுபடி இதே சுற்று.

இந்தத் திருத்தத்தில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒரு செல்லின் திசைவேகத் திருத்தத்தைக் கணக்கிடும்போது, பக்கத்துச் செல்களின் திருத்தங்கள் சமன்பாட்டிலிருந்து நீக்கப்படுகின்றன. அதனால் அழுத்தத் திருத்தம் தேவைக்கு மேல் பெரிதாக வரும். அதை அப்படியே சேர்த்தால் கணக்கு வெடித்துவிடும். ரிலாக்சேஷன் எண் அழுத்தத்துக்கு 0.3, திசைவேகத்துக்கு 0.7 என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பது இதனால்தான். 1984இல் வான் டோர்மாலும் ரெய்த்பியும் கொடுத்த சிம்பிள்-சி, பக்கத்துச் செல்களும் ஏறத்தாழ அதே அளவு திருந்தும் என்று எடுத்துக்கொள்கிறது. அழுத்தத் திருத்தம் சரியான அளவுக்கு வந்துவிடுவதால் அதை அடக்கத் தேவையில்லை.

முதல் வேலை: லாக்கைப் படியுங்கள்

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாறிக்கும் மூன்று எண்கள் அச்சாகும்: தொடக்க ரெசிடுவல், முடிவு ரெசிடுவல், உள்சுற்று எண்ணிக்கை. நீங்கள் பார்க்க வேண்டியது தொடக்க ரெசிடுவலை. போன சுற்றின் விடை, புதிதாக எழுதிய சமன்பாட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அதுதான் சொல்லும். முடிவு ரெசிடுவல், அந்த ஒரு சமன்பாட்டை லீனியர் சால்வர் எவ்வளவு நன்றாகத் தீர்த்தது என்பதை மட்டும் காட்டும். முடிவு ரெசிடுவல் சின்னதாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், லீனியர் சால்வர் எல்லாச் சுற்றிலும் அதைக் குறைத்துவிட்டுத்தான் நிற்கும்.

அடுத்து, எந்த மாறி முதலில் கெடுகிறது என்று பாருங்கள். வெடித்த இடத்திலிருந்து லாக்கில் மேல்நோக்கிப் போனால் ஒரு மாறி மற்றவற்றுக்கு முன்னாலேயே ஏறத் தொடங்கியிருக்கும். எப்சிலான் (டர்புலன்ஸ், அதாவது கொந்தளிப்பின் ஆற்றல் சிதையும் வேகம்) முதலில் ஏறினால் டர்புலன்ஸ் எல்லை மதிப்புகளையும் சுவரோரச் செல்களையும் பாருங்கள். அழுத்தத்தின் உள்சுற்று 1000 வரை போய் நின்றால், அதுதான் இயல்பாக வைத்திருக்கும் உச்ச வரம்பு. லீனியர் சால்வர் தீர்க்க முடியாமல் கைவிட்டுவிட்டது என்று பொருள். அப்போது சந்தேகம் அழுத்த எல்லை மதிப்பின் மேலும் மெஷ்ஷின் மேலும் போக வேண்டும். 'பவுண்டிங் கே' என்று வரி வந்தால், எதிர்மறையாகவே இருக்க முடியாத கே (டர்புலன்ஸின் இயக்க ஆற்றல்) எங்கோ எதிர்மறையாகிவிட்டது, நிரல் அதை வெட்டிச் சரிசெய்கிறது. தொடக்கத்தில் சில சுற்றுகளுக்கு வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. ஆயிரமாவது சுற்றிலும் வந்துகொண்டிருந்தால் விட்டுவிடக் கூடாது.

நிறை காப்புப் பிழையும் அச்சாகும். அதில் மொத்தமாகச் சேர்ந்துவரும் எண் ஓரிடத்தில் நிலைத்தால் நல்லது. அது நில்லாமல் வளர்ந்துகொண்டே போனால் எல்லைகளில் வருவதும் போவதும் கணக்கில் பொருந்தவில்லை.

மெஷ்

செக்மெஷ் கட்டளையை ஓட்டாமல் எந்த கேஸையும் தொடங்காதீர்கள். நான்-ஆர்த்தோகனாலிட்டி (இரு செல் மையங்களை இணைக்கும் கோடு, இடையிலுள்ள முகத்தின் செங்குத்திலிருந்து விலகும் கோணம்) 70 பாகையைத் தாண்டும் முகங்களையும், ஸ்க்யூனஸ் (அந்தக் கோடு முகத்தின் மையத்தைவிட்டு விலகும் அளவு) 4ஐத் தாண்டும் முகங்களையும் அது சுட்டிக்காட்டும். எத்தனை முகங்கள் என்பதோடு எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். அவற்றைத் தனித் தொகுப்பாக எழுதச்சொல்லி, படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் திறந்து பாருங்கள். ஓட்டம் மெதுவாகப் போகும் மூலையில் பத்து மோசமான முகங்கள் இருந்தால் தப்பித்துவிடலாம். படியின் விளிம்பில், திசைவேகம் சட்டென்று மாறும் இடத்தில், ஒன்றிரண்டு இருந்தாலே கணக்கு கெடும்.

மெஷ்ஷை மாற்றவே முடியாத நிலையில்தான் ஸ்கீம்களில் இடம் கொடுக்க வேண்டும். கோணம் 70க்குக் கீழே என்றால் லாப்லாசியனுக்கு (பரவலைக் கணக்கிடும் உறுப்பு) 'கரெக்டட்' போதும். அதற்கு மேல் போனால் 'லிமிடெட்' என்று மாற்றி 0.5 அல்லது 0.33 கொடுங்கள், நான்-ஆர்த்தோகனல் கரெக்டர் எண்ணிக்கையை 1 அல்லது 2 ஆக்குங்கள். இது துல்லியத்தைக் கொஞ்சம் கொடுத்து நிலைத்தன்மையை வாங்குவது. மெஷ்ஷைச் சரிசெய்ய ஒரு நாள் ஆனாலும் நான் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். மோசமான மெஷ்ஷை எண்களால் சமாளித்து எடுத்த விடையை யாரிடமும் தைரியமாகக் காட்ட முடியாது.

சுவரோர முதல் செல்லின் உயரத்தையும் இங்கேயே முடிவுசெய்துவிடுங்கள். சுவரோர ஓட்டத்தைச் சூத்திரத்தால் நிரப்பும் வால் ஃபங்ஷன் பயன்படுத்தினால் ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து முதல் செல் மையத்துக்கு உள்ள அலகற்ற தொலைவு) 30க்கும் 300க்கும் இடையில் இருக்க வேண்டும். சுவர் வரை நேரடியாகக் கணக்கிடும் மாடல் என்றால் 1ஐ ஒட்டி.

எல்லை மதிப்புகளும் தொடக்க மதிப்புகளும்

என் அனுபவத்தில் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் கிடைக்கின்றன. முதலில் அழுத்தம். சிம்பிள் முறையில் ஓடும் சிம்பிள்ஃபோம் சால்வரில் அழுத்தம் பாஸ்கலில் இல்லை. அடர்த்தியால் வகுத்தது, அலகு மீ²/வி². வெளியேறும் வாயில் 0 வைத்தால் போதும், வளிமண்டல அழுத்தத்தைப் போட வேண்டிய தேவையே இல்லை. நுழைவாயிலில் திசைவேகத்தைக் கொடுத்தால் அங்கே அழுத்தத்துக்கு ஜீரோகிரேடியன்ட் (எல்லையில் மதிப்பு மாறாது என்ற நிபந்தனை). வெளிவாயிலில் அழுத்தத்தைக் கொடுத்தால் அங்கே திசைவேகத்துக்கு ஜீரோகிரேடியன்ட். இரண்டு வாயிலிலும் திசைவேகத்தையே கட்டிவைத்தால் உள்ளே வருவதும் வெளியே போவதும் இம்மி பிசகாமல் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்வே கிடையாது. முழுக்க மூடிய பெட்டி என்றால் அழுத்தம் எந்த மட்டத்திலும் நிற்கலாம் என்பதால் ஒரு செல்லில் குறிப்பு மதிப்பு கொடுக்க வேண்டும்.

சுழல் வெளிவாயிலைத் தொட்டால் காற்று உள்நோக்கித் திரும்பும். ஜீரோகிரேடியன்ட் அதை அப்படியே அனுமதித்து, பொருளற்ற மதிப்புகளை உள்ளே இழுத்துவிடும். இன்லெட்அவுட்லெட் வைத்தால் திரும்பி வரும் காற்றுக்கு நீங்கள் சொல்லும் மதிப்பு கிடைக்கும். அதைவிட நல்லது, வெளிவாயிலை இன்னும் தள்ளி வைப்பது.

டர்புலன்ஸ் மதிப்புகளை எங்கிருந்தோ நகல் எடுத்துப் போடாதீர்கள். பிட்ஸ்டெய்லியில் கே 0.375, எப்சிலான் 14.855 என்று இருக்கும். இவை எப்படி வந்தன என்று ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கே என்பது 1.5 பெருக்கல் (திசைவேகம் × டர்புலன்ஸ் செறிவு) வர்க்கம். 10 மீ/வி, செறிவு 5 சதவீதம் என்றால் 1.5 × 0.5² = 0.375. எப்சிலானுக்கு, 0.09இன் 0.75ஆம் அடுக்கு 0.1643. கே-யின் 1.5ஆம் அடுக்கு 0.2296. இரண்டையும் பெருக்கி, நீள அளவால் வகுக்க வேண்டும். நீள அளவு படி உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.00254 மீ. வருவது 14.855. டர்புலன்ட் விஸ்காசிட்டியையும் சோதித்துவிடுங்கள்: 0.09 × கே² ÷ எப்சிலான் என்பது 8.5 × 10⁻⁴. காற்றின் விஸ்காசிட்டியைப் போல 85 மடங்கு. இந்த மடங்கு லட்சக்கணக்கில் வந்தால் எங்கோ அலகு தவறியிருக்கிறது, சிமுலேஷனை ஓட்டுவதில் பயனில்லை.

தொடக்க மதிப்பில் எப்சிலானுக்கு 0 போடவே கூடாது. வகுக்கும் இடத்தில் அது நிற்கிறது, முதல் சுற்றிலேயே நிரல் செத்துவிடும். திசைவேகத்தை எல்லா இடத்திலும் 0 என்று தொடங்குவது சின்ன கேஸுக்குப் பரவாயில்லை. கார், பைக், கட்டடம் போன்ற சிக்கலான வடிவங்களுக்கு முதலில் பொடென்ஷியல்ஃபோமை ஓட்டுங்கள். விஸ்காசிட்டி இல்லாத ஓட்டத்தைத் தீர்த்து, நிறை காப்புக்குப் பொருந்தும் திசைவேகத்தைக் கொடுத்துவிடும். இன்னொரு நல்ல வழி, சொரசொரப்பான சின்ன மெஷ்ஷில் ஓட்டி, அந்த விடையை மேப்ஃபீல்ட்ஸ் வழியாகப் பெரிய மெஷ்ஷுக்கு ஏற்றுவது.

ஸ்கீம்கள்

எஃப்விஸ்கீம்ஸ் கோப்பில் டைவர்ஜன்ஸ் வரிகள்தான் (ஓட்டம் அளவுகளைச் சுமந்து செல்வதைக் கணக்கிடும் முறைகள்) நிலைத்தன்மையைத் தீர்மானிக்கின்றன. வெடிக்கும் கேஸை எல்லாவற்றுக்கும் முதல் வரிசை 'அப்விண்ட்' (காற்று வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுப்பது) வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்விண்டிலும் வெடித்தால், பிரச்சினை ஸ்கீமில் இல்லை, முந்தைய இரண்டு பகுதிகளுக்கே திரும்பிப் போங்கள். ஓடினால், சில நூறு சுற்றுகள் ஓடவிட்டு, அந்த விடையிலிருந்து திசைவேகத்துக்கு 'லீனியர்அப்விண்ட்' என்று மாற்றித் தொடருங்கள். கே, எப்சிலானுக்கு 'லிமிடெட்லீனியர் 1' போதும், ரொம்பத் தகராறு செய்தால் அவற்றை மட்டும் அப்விண்டிலேயே விடலாம்.

திசைவேகத்தை அப்விண்டில் வைத்தே முடித்து அறிக்கை எழுதாதீர்கள். அப்விண்ட் செயற்கையான பரவலைச் சேர்க்கிறது, படிக்குப் பின்னால் உள்ள சுழலை மழுக்கிவிடும். ரெசிடுவல் அழகாக இறங்கியிருக்கும், விடை தவறாக இருக்கும்.

நிலையான ஓட்டக் கணக்குகளில் ஸ்கீமுக்கு முன்னால் 'பவுண்டட்' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றுகளின் நடுவே நிறை காப்பு முழுதாகப் பொருந்தியிருக்காது. அந்தப் பொருந்தாமை, கே போன்ற மாறிகளில் இல்லாத மூலத்தை உண்டாக்கும். இந்தச் சொல் அந்தப் பங்கைக் கழித்துவிடுகிறது.

ரெசிடுவல் 10⁻³ அருகே இறங்கி அப்படியே தேங்கினால் லிமிட்டர்களை (மதிப்பு எல்லைமீறாமல் வெட்டும் வரம்புகள்) சந்தேகப்படலாம். கிரேடியன்ட்டுக்கு 'செல்லிமிடெட்' வைத்தால் சில செல்களில் லிமிட்டர் ஒரு சுற்றில் பிடித்து அடுத்த சுற்றில் விடும், அதனால் கணக்கு அதே இடத்தில் ஊசலாடும். ஓட்டம் நிலைப்பட்ட பிறகு லிமிட்டரை எடுத்துப் பாருங்கள்.

லீனியர் சால்வர்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தத்துக்கு காம்ஜி என்று சொல்லப்படும் மல்டிகிரிட், மற்றவற்றுக்கு ஸ்மூத்சால்வர், ரிலேடிவ் டாலரன்ஸ் 0.1, அதாவது ஒரு சுற்றுக்குள் ரெசிடுவல் பத்தில் ஒரு பங்கானால் போதும். அழுத்தம் மட்டும் ஆடினால் அதற்கு 0.01 ஆக்கிப் பார்க்கலாம். எப்படியும் அடுத்த சுற்றில் சமன்பாடே மாறப்போகிறது, ஒரு சுற்றுக்குள் அதைப் பத்து இலக்கத் துல்லியத்துக்குத் தீர்ப்பது நேர விரயம்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. பிட்ஸ்டெய்லியில் திசைவேகத்தின் டாலரன்ஸ் 10⁻⁵. நிறுத்தும் வரம்பு திசைவேகத்துக்கு 10⁻³, அழுத்தத்துக்கு 10⁻², அதனால் 300 சுற்றுக்குள் முடிந்துவிடும். பாடத்துக்கு அது சரி, ஆய்வுக்குத் தளர்வு. நீங்கள் நிறுத்தும் வரம்பை 10⁻⁶ ஆக இறுக்கி, டாலரன்ஸை மாற்ற மறந்தால் என்ன ஆகும்? தொடக்க ரெசிடுவல் 10⁻⁵க்குக் கீழே வந்ததும் லீனியர் சால்வர் 'வேலை முடிந்தது' என்று உள்சுற்று 0 என அச்சிட்டுத் தாண்டிப்போகும். திசைவேகம் அப்படியே உறையும், ரெசிடுவல் இறங்காமல் கோடு மட்டமாகிவிடும். லாக்கில் உள்சுற்று 0 தொடர்ந்து வந்தால் டாலரன்ஸை நிறுத்தும் வரம்பைவிட ஒன்றிரண்டு அடுக்கு கீழே வையுங்கள்.

இப்போது ரிலாக்சேஷன்

புதிய மதிப்பு = பழைய மதிப்பு + ஆல்ஃபா × (கணக்கில் வந்த மதிப்பு − பழைய மதிப்பு). ஆல்ஃபா 1 என்றால் வந்ததை முழுதாக எடுத்துக்கொள்வது, 0.3 என்றால் அதில் 30 சதவீதம். சரியாகக் கன்வர்ஜ் ஆன கணக்கில் ஆல்ஃபா எவ்வளவு என்பது விடையை மாற்றக் கூடாது, வேகத்தை மட்டுமே மாற்றும்.

சாதாரண சிம்பிளுக்கு அழுத்தம் 0.3, திசைவேகம் 0.7, டர்புலன்ஸ் 0.7 என்று தொடங்குங்கள். அழுத்தம், திசைவேகம் இரண்டின் எண்களும் சேர்ந்து 1ஐ ஒட்டி வருவது நல்ல வழிகாட்டி. எஃப்விசொல்யூஷன் கோப்பில் 'கன்சிஸ்டன்ட்' என்பதற்கு 'யெஸ்' கொடுத்தால் அது சிம்பிள்-சி. பிட்ஸ்டெய்லி அப்படித்தான் வருகிறது, எல்லாச் சமன்பாட்டுக்கும் 0.9, அழுத்தத்துக்கு எதுவும் இல்லை. அந்த 'யெஸ்'ஸை 'நோ' ஆக்கி 0.9ஐ அப்படியே விட்டு ஓட்டிப் பாருங்கள், மேலே சொன்ன குறுக்குவழியின் விளைவைக் கண்ணால் பார்க்கலாம்.

கேஸ் முரண்டுபிடித்தால் திசைவேகத்தை 0.5க்கும் டர்புலன்ஸை 0.4க்கும் இறக்கி, 200, 300 சுற்றுக்குப் பின் படிப்படியாக ஏற்றுங்கள். 0.1, 0.05 என்று போய்க்கொண்டே இருக்காதீர்கள். அதில் ஓர் ஏமாற்று இருக்கிறது: ஓப்பன்ஃபோமில் ஆல்ஃபா, மேட்ரிக்ஸின் மூலைவிட்ட எண்களை வகுக்கிறது. ஆல்ஃபா சிறிதாக ஆக அவை பெரிதாகும், ரெசிடுவலை வகுக்கும் எண்ணும் கூடவே பெரிதாகும். ஆகவே விடை கொஞ்சமும் மேம்படாமலே ரெசிடுவல் குறைந்ததுபோல் அச்சாகும்.

கன்வர்ஜ் ஆனது என்று எப்போது சொல்லலாம்

உங்களுக்குத் தேவையான அளவு அசையாமல் நின்றபோது. பம்பு என்றால் அழுத்த வேறுபாடு, கார் என்றால் இழுவைக் கெழு. பிட்ஸ்டெய்லியில் படியிலிருந்து பிரிந்த ஓட்டம் மீண்டும் தரையைத் தொடும் இடம். அந்த அளவை ஒவ்வொரு சுற்றிலும் கோப்பில் எழுதச்சொல்லி, ரெசிடுவலோடு சேர்த்து வரைந்து பாருங்கள். ரெசிடுவல் 10⁻⁴இல் இருக்கும்போதே அந்த அளவு நிலைத்துவிடும் கேஸ்களும் உண்டு, 10⁻⁵ தாண்டியும் நகரும் கேஸ்களும் உண்டு. கடைசி சில நூறு சுற்றுகளில் மாற்றம் 0.1 சதவீதத்துக்குள், உள்ளே வரும் நிறைக்கும் வெளியே போகும் நிறைக்கும் வேறுபாடும் அதே அளவுக்குள் என்றால் நான் நிறுத்துவேன்.

கன்வர்ஜ் ஆன விடை சோதனையோடு பொருந்தாமல் போகலாம், அது வேறு விஷயம். இதுபோன்ற படிகளில் ஓட்டம் பொதுவாகப் படி உயரத்தைப் போல 6 முதல் 8 மடங்கு தொலைவில் தரையைத் தொடும். ஸ்டாண்டர்ட் கே-எப்சிலான் மாடல் அதைக் குறைவாகவே காட்டும். அது மாடலின் குணம், எந்த சால்வர் எண்ணாலும் திருத்த முடியாது.

எல்லாம் சரி, ஆனாலும் ஆடுகிறதா?

அப்படியென்றால் ஓட்டமே நிலையற்றதாக இருக்கலாம். உருளையைக் கடக்கும் ஓட்டத்தில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 47ஐத் தாண்டியதும் பின்னால் சுழல்கள் மாறிமாறிக் கழலத் தொடங்கும். இல்லாத நிலையான விடையைத் தேடி சிம்பிள் சுற்றிக்கொண்டிருக்கும். விசையின் வரைபடம் சீரான அலைபோல் ஆடினால், உருளைக்குப் பின்னால் சுழல்கள் சுற்றுக்குச் சுற்று நகர்ந்தால், ரிலாக்சேஷனை விட்டுவிட்டு, நேரத்தோடு மாறும் ஓட்டத்தைக் கணக்கிடும் பிம்பிள்ஃபோமுக்கு மாறுங்கள்.

நேர இடைவெளியை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். 20 மிமீ உருளை, 10 மீ/வி காற்று, ஸ்ட்ரோஹால் எண் (சுழல் கழலும் வேகத்தைக் குறிக்கும் அலகற்ற எண்) சுமார் 0.2 என்றால் நொடிக்கு 0.2 × 10 ÷ 0.02 = 100 முறை சுழல் கழலும். ஒரு சுழற்சிக்கு 0.01 நொடி. அதை நூறாகப் பிரித்தால் இடைவெளி 10⁻⁴ நொடி. உருளைக்கு அருகே செல் 1 மிமீ என்றால், 10 மீ/வி வேகத்துக்குக் கூரன்ட் எண் (ஒரு நேரப்படியில் காற்று கடக்கும் செல்களின் எண்ணிக்கை) 1. செல்லைப் பாதியாக்கினால் இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் பிம்பிளின் வெளிச்சுற்றுகளை இரண்டு, மூன்று என்று கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டும்போது இடைச்சுற்றுகளில் ரிலாக்சேஷன் 0.7 இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு நேரப்படியின் கடைசி வெளிச்சுற்றில் எல்லாவற்றுக்கும் 1 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரப்படியின் சமன்பாடு முழுதாகத் தீராமலே கணக்கு அடுத்ததற்கு நகர்ந்துவிடும்.

அதன்பின் முதல் சில சுழற்சிகளைத் தள்ளிவிட்டு, இழுவைக் கெழுவின் சராசரியைக் குறைந்தது பத்துச் சுழற்சிகளுக்கு எடுங்கள். அடுத்த பத்துக்கும் தனியாக எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அந்த எண்ணை அறிக்கையில் எழுதலாம்.